தாங்காவில் எதிர்ப்பட்ட தார்பூஷ்

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தைப் பிடிக்கப் போன இந்தியப் பட்டாளங்களில் ஒன்றின் பெயர் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபென்ட்ரி. எதிரே நின்றது ஃபான் லெட்டோ-ஃபோர்பெக்கின் ஜெர்மன் காலனிப்படை. அதில் பெரும்பாலோர் அஸ்காரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். தாங்காவில் நம் தரப்பு தோற்றது. ஏன் தோற்றது என்பதைப் போர் வரலாறு எழுதுபவர்கள் பேசட்டும். என் மனம் லயிப்பது அந்த அஸ்காரிகளின் தலையில் இருந்த தார்பூஷில்.

உயரமான உருளைத் தொப்பி. உள்ளே பிரம்பில் பின்னிய கூடு, மேலே காக்கித் துணி, நெற்றிக்கு நேரே வெள்ளி நிறத்தில் ஜெர்மானியக் கழுகு. பின்னால் கழுத்தை மூடித் தொங்கும் ஒரு துணி. ராதாபுரத்துப் பக்கம் ஓலைப்பெட்டி முடைபவர்களின் கையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டின் அருமை சட்டென்று பிடிபடும்: கனமில்லை, விறைப்பு உண்டு, தலைக்கும் துணிக்கும் நடுவே காற்றுக்கு இடம் உண்டு. கழுத்துத் துணியையும் லேசாக எண்ணக் கூடாது. எங்கள் தேரிக்காட்டு உச்சி வெயிலில் நடந்தவர்களுக்குத் தெரியும், வெயில் முதலில் பிடரியைத்தான் பிடிக்கும்.

இந்தத் தொப்பி பெர்லினில் பிறந்ததல்ல. 1889இல் ஹெர்மன் ஃபான் விஸ்மான் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் படை திரட்டியபோது கெய்ரோவில் சூடானிய வீரர்களைச் சேர்த்தார். அவர்கள் எகிப்தியப் படையில் அணிந்து பழகிய தார்பூஷ் அவர்களோடு வந்தது. வெயிலில் வாழ்ந்தவர்கள் அணிந்து சோதித்த ஒன்றை ஜெர்மானியர் ஏற்றுக்கொண்டார்கள். அந்த அடக்கம்தான் அதன் அழகுக்குக் காரணம் என்பேன். வெள்ளை அதிகாரிகளின் சாம்பல் நிற அகன்ற விளிம்புத் தொப்பியும் கண்ணுக்கு அழகுதான். தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நீலப்பட்டை, கிழக்குக்கு வெள்ளை, கேமரூனுக்குச் சிவப்பு என்று பட்டையின் நிறத்திலேயே காலனி தெரியும். ஆனால் வலப்பக்க விளிம்பை மேலே மடித்துக் குத்திவிடுவார்கள். மிடுக்குக்காக ஒரு காதின் நிழலைப் பறிகொடுத்த தொப்பி அது. என் ஓட்டு தார்பூஷுக்கே.

தலையைக் கேட்காமல் தலைப்பாகையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் இருக்கிறது. சென்னைப் படைத் தலைவர் கிராடாக் காலத்தில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வந்தது. கூடவே திருநீறும் நாமமும் கடுக்கனும் கூடாதென்ற உத்தரவும். வெள்ளைக்காரன் தொப்பியின் சாயலை அதில் கண்டு சிப்பாய்கள் கொதித்தார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. அங்கிருந்த 23ஆம் ரெஜிமெண்டில் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் நிறையப் பேர். அந்தத் தலைப்பாகையைப் பின்னர் கைவிட்டார்கள். கிராடாக்கும் கவர்னர் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

தார்பூஷைப் புகழ்வது அதை அணிவித்த ஆட்சியைப் புகழ்வதாகாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக 1905இல் தொடங்கிய மாஜி மாஜி எழுச்சியை ஊர் ஊராய் எரித்துப் பட்டினி போட்டு அடக்கியதிலும் இதே தொப்பிதான் முன்னால் போனது. கைவேலையை ரசிக்கும்போது அந்தக் கணக்கையும் சேர்த்தே வைக்கிறேன்.

முதல் உலகப் போர் நீண்டதும் ஜெர்மனியிலிருந்து அந்தக் காலனிப்படைக்கு வந்த சரக்கு அநேகமாக நின்றுபோயிற்று. உள்ளூர்ப் பருத்தியை அங்கேயே நூற்று நெய்து, காட்டு மரமொன்றில் எடுத்த மஞ்சள் கலந்த பழுப்புச் சாயத்தில் தோய்த்துக் காக்கி ஆக்கினார்கள். ஆலைக் காக்கியைவிட எனக்கு அந்தத் துணிமேல்தான் ஆசை அதிகம். அதுவும் போதாதபோது எதிரியிடம் பிடித்ததை உடுத்தினார்கள். தாங்கா கரையில் நம் பட்டாளங்கள் விட்டுவந்த கோட்டுகளும் கம்பளிகளும் அந்தப் படைக்கு நெடுநாள் உதவின.