பாட்டில் இல்லாத அரசன்

புறநானூற்றின் 279ஆம் பாட்டு நம் மேடைகளில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முந்திய போரில் தந்தையையும் (தமையன் என்று பொருள் கொள்வாரும் உளர்) நேற்றைய போரில் கணவனையும் இழந்த ஒருத்தி, இன்று மறுபடியும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். துறை, மூதின் முல்லை. ‘வீரத்தாய்’ என்று ஒரு தலைப்பைப் போட்டு, நாமும் வகுப்பில் அப்படியே படிப்பித்து வருகிறோம்.

பேச்சாளர்கள் இந்தப் பாட்டின் கடைசி அடியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முதலடியை விட்டுவிடுகிறார்கள். அவள் சிந்தை கெட்டொழியட்டும் என்ற பொருளில்தான் புலவர் தொடங்குகிறார். வியப்பை இப்படிச் சொல்வது வழக்கு என்று உரைகாரர் விளக்கம் தருவர். இருக்கலாம். ஆனால் வியப்பதற்கு எத்தனையோ சொல் இருக்க, ஒரு பெண்பாற் புலவர் வசைச் சொல்லைத் தேடி எடுத்திருக்கிறாரே, அதை யோசிக்க வேண்டாமா? பறை கேட்ட தாயைப் பற்றிச் சொல்லும்போது, அவள் விரும்பினாள் என்பதோடு ‘மயங்கி’ என்றும் ஒரு சொல் வைக்கிறார். மேடையில் அந்தச் சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்று. அவள் மகனின் பரட்டைக் குடுமிக்கு எண்ணெய் தடவுகிறாள். வெள்ளைத் துணியை விரித்து உடுத்திவிடுகிறாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிட உம்மா தேவைப்படுகிற வயது அது. இந்த இடத்தைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் அமைதியாகி விடுவார்கள். வெள்ளைத் துணி என்றால் அவர்களுக்கு ஞாபகம் வருவது கபன்தான். “சேர், அந்தப் பொடியன் திரும்பி வந்தானா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. பாட்டில் அதற்கு விடை இல்லை.

பாட்டில் அரசனும் இல்லை. என்ன நாடு, யாரோடு சண்டை, எதற்காக என்று எதுவுமே இல்லை. பறை மட்டும் இருக்கிறது. மூன்று ஆண்களை ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்ட அந்தப் பறையை அடித்தவன் யார் என்று புலவர் சொல்லவில்லை. நம் காலத்துத் தலைவர்கள் புறநானூற்றுத் தாயைத் தங்கள் வாயால் பேச வைத்தார்கள். பாட்டிலோ அவள் பேசுவது ‘போ’ என்ற ஒரு சொல்தான்.

வன்னியில் கடைசி ஆண்டுகளில் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்று கணக்கு வந்தது. மாவீரர் புகழ் பாடிய அதே இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது. தாய்மார் வேலைக் கையில் கொடுக்கவில்லை. பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். மறுபக்கத்தில், சிங்களக் கிராமங்களின் ஏழை வீட்டு இளைஞர்கள் ‘ரணவிரு’ ஆனார்கள். 2006க்குப் பின்னான போரில் 6,261 படையினர் இறந்ததாக 2009இல் அரசே கணக்குச் சொன்னது. பொதுமக்களைப் பற்றி அப்படி ஒரு கணக்கு அப்போது வரவில்லை. நடந்தது மனிதாபிமான நடவடிக்கை என்றார்கள். இறுதிக் கட்டத்தில் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது.

2009 மே 19ஆம் திகதி மகிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையைத் தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒருமுறை பார்க்க வேண்டும். தமிழில் சில வார்த்தைகள் பேசினார். சிறுபான்மை என்ற சொல்லை நீக்கிவிட்டதாகவும், இனி நாட்டை நேசிப்போர், நேசிக்காதோர் என்ற இரண்டு சாராரே உண்டு என்றும் சொன்னார். கேட்க நல்ல பேச்சு. ஆனால் நேசத்தை நிறுப்பவர் யார்? சரணடைந்த மகன் எங்கே என்று கேட்கும் தாய் இதில் எந்தச் சாரார்? இந்தப் பேச்சிலும் பறைதான் கேட்கிறது.

இதைப் பிறர் கதையாக எழுதிவிட்டுப் போவது நமக்கு வசதி. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது, விடுதலை என்று பேசியவர்களின் துப்பாக்கி. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதெல்லாம் சரி. அதே ஆகஸ்டில் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டபோது, நம் ஊர்காவல் படையினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் படைக்கு நம் பிள்ளைகளைச் சேர்த்தபோதும் யாரோ ஒருவர் ஊரில் நின்று பேசித்தானே இருப்பார்? ஷுஹதாக்களை வருடாவருடம் நினைவுகூர்கிறோம், கூரவும் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

சோழர் காலத்து அவைப் புலவன் சயங்கொண்டார் இந்த விடயத்தில் நம் மேடைக்காரரைவிட நேர்மையானவர். கலிங்கத்துப்பரணி முதலாம் குலோத்துங்கனைப் புகழ வந்த நூல். மன்னன் கலிங்கம் போகவில்லை. கருணாகரத் தொண்டைமானை அனுப்பினான். அதையும் நூல் மறைக்கவில்லை. வெற்றி பாடி முடிந்ததும் களத்தைக் காட்டுகிறார். கணவனின் உடலைத் தேடும் மனைவியர் வருகிறார்கள். வாள் எங்கே, மார்பு எங்கே, தோள் எங்கே என்று ஒருத்தி கேட்கிறாள். பேய்கள் கூழ் சமைப்பது பரணியின் மரபு, அதிலே கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. எனினும் அந்தப் பெண்ணின் கேள்வியில் வேடிக்கை இல்லை. காசு வாங்கிப் பாடியவனுக்கும் களத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் குந்திய தாய்மார் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். அவர்களில் பலர் விடை தெரியாமலே கண்மூடிவிட்டார்கள்.

279ஆம் பாட்டைப் படிப்பிக்கிற ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘வீரத்தாயின் பெருமையை விளக்குக’ என்ற வினாவை இம்முறை விட்டுவிடுங்கள். ‘இப்பாட்டில் அரசன் எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் எழுதி வருவதை இந்தச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள்.