லா பயடேர்: ரஷ்ய பாலே ஆடையில் ஒரு தேவதாசி

லா பயடேர், ரஷ்யச் செவ்வியல் பாலே நாடகங்களுள் ஒன்று. மரியஸ் பெட்டிபா நடனம் அமைக்க, லுட்விக் மின்கஸ் இசையமைத்தார். 1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதன்முதலாக மேடையேறியது. கோயில் நடனப் பெண்ணான நிக்கியா இதன் கதைத்தலைவி. படைவீரன் சோலோர் அவளைக் காதலிக்கிறான். பின்னர் அரசனின் மகளை மணக்க இசைகிறான். பூக்கூடையில் ஒளித்து வைத்த பாம்பு தீண்டி நிக்கியா இறக்கிறாள்.

‘பயடேர்’ என்பது போர்த்துகீசிய மொழியில் ஆடுபவள் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குச் சென்ற பெயர். ஐரோப்பியர் தேவதாசிகளை அப்படித்தான் அழைத்தனர்.

பாரிசில் தமிழ் தேவதாசிகள்

1838-ல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தின் தேவதாசிகள் சிலர், வாத்தியக்காரர்களுடன் புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பாரிசின் வரியெத்தே அரங்கிலும், பின்னர் லண்டனின் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினர். அவர்களுள் அம்மணி என்பவரைக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே வியந்து எழுதினார். சிற்பி பார் அவருக்கு வெண்கலச் சிலை வடித்தார். கோத்தியே பின்னர் எழுதிய ‘சகுந்தலா’ பாலே 1858-ல் பாரிசில் மேடையேறியது. அதற்கு நடனம் அமைத்தவர் மரியஸின் அண்ணன் லூசியன் பெட்டிபா. லா பயடேரின் முன்னோடிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

ஆனால் அம்மணி பாரிசுக்குப் போவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1830-ல், மரீ தாக்லியோனி அங்கே மேடையில் ‘பயடேர்’ ஆக ஆடிவிட்டார். பிம்பம் முதலில் உருவானது. மனிதர்கள் பிறகுதான் வந்தார்கள். வந்தவர்கள் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக மாற்றவில்லை என்பதற்கு லா பயடேரின் ஆடைகளே சான்று.

ஆடையின் வேலை

முதல் அங்கங்களில் நிக்கியா இடை தெரியும் மேற்சட்டையும் மெல்லிய துணி ஆடையும் நகைகளும் அணிந்து வருவது பல தயாரிப்புகளில் வழக்கம். இது எந்த ஊர்க் கோயிலின் ஆடையும் அல்ல. பாரசீகம், துருக்கி, இந்தியா எல்லாம் ஒன்றாகக் கலந்த ‘கிழக்கு’ ஆடை.

புகழ்பெற்ற ‘நிழல்களின் உலகம்’ காட்சியில் அந்த அடையாளமும் மறைகிறது. அபினி மயக்கத்தில் சோலோர் காணும் கனவு அது. வெள்ளை டூட்டு அணிந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கி வருகின்றனர். எல்லோருக்கும் ஒரே ஆடை, ஒரே அசைவு. அடுக்கடுக்கான மெல்லிய வலைத்துணியால் ஆன டூட்டு, காலின் கோட்டை முழுமையாகக் காட்டுவதற்கானது. நுனிக்கால் நுட்பம் வளர வளரப் பாவாடையின் நீளம் குறைந்தது. காட்சியின் அழகு மறுக்க முடியாதது. ஆனால் அந்த அழகு, நடனப் பெண்ணிடமிருந்து அவளுடைய மண்ணை நீக்கிய பிறகே கிடைக்கிறது.

நீக்கப்பட்டவற்றுள் முக்கியமானது சலங்கை. உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் கம்பளத்து நாயக்கர்கள் உறுமிக்கு ஆடும் தேவராட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே கால் தரையில் பதியும்போது எழும் சலங்கை ஒலியும் இசையின் பகுதி. சதிராட்டத்திலும் அப்படியே. பாலேயின் பட்டுக் காலணி தரையை விட்டு எழுவதற்கானது. ஓசை எழாதிருப்பதே அங்கு இலக்கணம். ஆக, ஆடை மாறியபோது தாளத்தைக் காட்டும் உறுப்பும் மாறிவிட்டது.

திரும்பி வந்த தாக்கம்

1902-ல் மரீன்ஸ்கி அரங்கில் நிக்கியாவாக ஆடிய அன்னா பாவ்லோவா, பின்னாளில் இந்தியாவுக்கு வந்தார். அவரிடம் ஈடுபாடு கொண்டு ருக்மிணி தேவி பாலே பயின்றார். சொந்த நாட்டு நடனத்தைத் தேடும்படி பாவ்லோவா அவரைத் தூண்டியதாகக் கூறப்படுகிறது. 1935-ல் அடையாறில் மேடையேறிய ருக்மிணி தேவி, 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். விசிறி மடிப்புடன் தைத்த பரதநாட்டிய ஆடை பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதியோ புடவையைச் சுற்றிக் கட்டும் பழைய முறையையே பின்பற்றினார். தேவதாசியாக வேடமிட்ட ஒரு ரஷ்யக் கலைஞரின் தூண்டுதல், தேவதாசிகளின் நடனம் வேறு கைகளுக்கும் வேறு ஆடைக்கும் மாறிய வரலாற்றில் ஓர் இழையாக இருக்கிறது.

மதிப்பீடு

2002-ல் மரீன்ஸ்கி அரங்கம் 1900-ஆம் ஆண்டின் தயாரிப்பை மீட்டுருவாக்கியது. 2019-ல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் இந்நாடகத்துக்காக நடனக் கலைஞர்கள் முகத்தில் கருமை பூசியதை அமெரிக்கக் கலைஞர் மிஸ்டி கோப்லாண்ட் கண்டித்தார். நாடகத்தையே கைவிட வேண்டும் என்ற வாதமும், மரபை அப்படியே காக்க வேண்டும் என்ற வாதமும் தொடர்கின்றன. இரண்டிலும் பெரும்பாலும் விடுபடுவது அம்மணியின் பெயர். லா பயடேரை இந்தியாவைப் பற்றிய நாடகமாகப் பார்த்தால் அது பிழைகளின் தொகுப்பு. ஐரோப்பா தான் கண்ட ஒரு பெண்ணை எப்படிக் காணாமல் போகச் செய்தது என்பதன் ஆவணமாகப் பார்த்தால், அதன் ஒவ்வொரு ஆடையும் படிக்கத்தக்கது. தமிழ் மாணவர்கள் அதை அணுக வேண்டிய வழி இதுவே.