யாருடைய வாள்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2015இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேகன்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அந்தக் கறுப்புப் பையன் என்னாண்ணா ஆனான்? அடிச்சிப் போட்டுட்டு அப்படியே வுட்டுட்டானுங்க." இத்தகைய படங்களை 'வணிகக் குப்பை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் நமது சிறுபத்திரிகைப் பழக்கத்தில் இப்படியொரு கேள்வி எழ வாய்ப்பே இல்லை. குப்பைதான். ஆனால் குப்பையையும் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் குறிப்பிட்ட காட்சி இது. பனி மூடிய காடு. ஃபின் என்பவன் கையில் ஒளிவாள். எதிரே கைலோ ரென். ஃபின் 'ஃபர்ஸ்ட் ஆர்டர்' படையில் வளர்க்கப்பட்ட சிப்பாய். குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டவன். அவனுக்குப் பெயர் கிடையாது, எண்தான்: எஃப்.என்.2187. ('எங்க கம்பெனியிலயும் டோக்கன் நம்பருதான்ணா' என்றார் நண்பர்.) 'ஃபின்' என்ற பெயரும்கூட, அந்த எண்ணின் முதலிரண்டு எழுத்துகளிலிருந்து ஒரு விமானி அவனுக்கு உருவிக் கொடுத்தது. அந்த வாள் தனக்குச் சொந்தமானது என்று கைலோ ரென் கத்துகிறான். வந்து எடுத்துக்கொள் என்கிறான் ஃபின். மோதுகிறார்கள். ஃபின் எதிரியின் கையில் ஒரு காயமும் உண்டாக்குகிறான். பிறகு அவன் முதுகு பிளக்கப்படுகிறது. விழுகிறான். பனியில் புதைந்த வாள் எழுந்து பறந்து, வேறொருத்தியின் கைக்குப் போய்ச் சேர்கிறது. அதற்குமேல் அந்தச் சண்டையில் ஃபின்னுக்கு இடமில்லை.

'சொந்தமானது' என்ற சொல்லில்தான் இந்தப் பிரதியின் முழு அரசியலும் இருக்கிறது. அந்த வாள் கைலோ ரென்னின் தாத்தா டார்த் வேடரினுடையது. 1977இல் வந்த முதல் படத்தில் அது லூக்கிடம் ஒப்படைக்கப்படும்போதே தகப்பன் சொத்து என்று சொல்லித்தான் ஒப்படைக்கப்படுகிறது. 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்'கில், வாள் பிடித்த அந்தக் கையை வேடரே வெட்டி எறிந்துவிட்டு, நான்தான் உன் தகப்பன் என்று அறிவிக்கிறான். அதற்கு முன்பே ஒரு குகையில் லூக் வேடரின் மாயத்தோற்றத்தை வெட்டுகிறான். உடைந்த முகமூடிக்குள் இருப்பது லூக்கின் முகம். ஆக, பகைவர்களாகத் தோன்றும் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள். நன்மைக்கும் தீமைக்குமான போர் என்று நமக்கு விற்கப்படுவது உண்மையில் ஒரு பங்காளிச் சண்டை. 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் எம்.ஜி.ஆர் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரட்டை வேடம் போட்டார். அங்கேயும் இரண்டு தரப்புக்கும் ஒரே முகம். நாம் அந்த முகத்துக்குக் கைதட்டினோம்.

நண்பர் வேலை பார்க்கும் ஊரிலேயே இப்படியொரு இருவர் போர் நடக்கவிருந்தது. நடக்கவில்லை. 1749 ஆகஸ்ட் 3. ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் ஒருபக்கம். சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையும் மறுபக்கம். முதியவரான அன்வாருதீன் சந்தா சாகிபின் யானையை அடையாளம் கண்டு, தன் யானையை நேரே அதன்மீது செலுத்தச் சொல்கிறார். மாவுத்தனுக்கு வெகுமதி தருவதாகச் சொல்கிறார். யானைகள் நெருங்குகின்றன. அப்போது பிரெஞ்சுப் படையிலிருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய் ஒருவன் சுட்ட குண்டு நவாபின் நெஞ்சில் பாய்ந்து, அவர் யானையிலிருந்து பிணமாக விழுகிறார். ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது. சுட்டவனுக்கு அதில் பெயரில்லை; 'காப்பிரி' என்ற இழிசொல் மட்டும்தான். கர்நாடகத்தின் தலைவிதியை மாற்றிய துப்பாக்கி அவனுடையது. எந்தக் கரையிலிருந்து யார் அவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்பதை எழுத ஓர்முக்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. மாவுத்தனுக்கும் பெயரில்லை.

இருவர் போர் என்ற வடிவத்துக்கு இந்த மூன்றாமவன் வேண்டாதவன். யானைக்கு அம்பாரி கட்டியவன், வாளுறைக்கும் கேடயத்துக்கும் தோல் பதனிட்டவன், மருந்து கெட்டித்தவன் என எல்லோரையும் துடைத்துவிட்டுத்தான் 'வீரம்' என்ற சொல்லாடல் நிற்கிறது. தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன்; அதே தோலில் செய்த உறையை இடுப்பில் கட்டியவன் ராஜா. இதை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நமது வடாற்காட்டுக் கூத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு. கட்டியக்காரன் ராஜாக்களுக்கு நடுவே புகுந்து, வாள் பிடித்தவனைப் பார்த்தே நக்கலடிப்பான். கூத்தை லட்சியமாக்கிப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கிரீடம் கட்டியவன் கட்டியக்காரனின் வாயை அடைக்கிற இரவுகளும் உண்டு. என்றாலும் மூன்றாமவனுக்கு அங்கே பேச ஓர் இடமிருக்கிறது. லூகாஸின் விண்வெளியில் அது இல்லை.

கறுப்பரையும் தலித்தையும் ஒற்றைச் சமன்பாட்டில் அடக்க எனக்கு உடன்பாடில்லை. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தபோதும் அது தோழமைதான், ஒன்றாதல் அல்ல. ஆனால் 'பிறப்பால் உரிமை' என்ற தர்க்கம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. 2017இல் வந்த அடுத்த படம் இதைக் கொஞ்சம் அசைத்தது. வாளைப் பெற்ற ரே என்ற பெண்ணின் பெற்றோர் யாருமில்லாத எளியவர்கள் என்றது. வாள் யார் கைக்கும் போகலாம் என்று ஒரு கதவு திறந்தது. 2019இல் வந்த படம் அதை இழுத்துச் சாத்தியது. ரே பழைய பேரரசனின் பேத்தியாம்! குலம் கண்டுபிடித்தாயிற்று, எல்லோருக்கும் நிம்மதி. ஃபின்னாக நடித்த ஜான் போயேகா 2020இல் வெளிப்படையாகவே பேசினார்: விளம்பரத்தில் தன்னை முக்கியமானவனாகக் காட்டிவிட்டுக் கதையில் ஓரம் தள்ளினார்கள் என்று. முதல் படத்தின் விளம்பரங்களில் அவர் கையில் அந்த வாள் இருந்தது.

பனிக்காட்டுக்கு முன்னால் அதே படத்தில் இன்னொரு மோதல் வருகிறது, பலர் கவனிக்காதது. வாள் பிடித்த ஃபின்னை எதிர்த்து வருபவன் அவனைப்போலவே வெள்ளைக் கவசம் போட்ட ஒரு சிப்பாய். 'துரோகி' என்று கத்திக்கொண்டு மின்தடியைச் சுழற்றுகிறான். மொத்தத் தொடரிலும் பெயரற்றவர்கள் இருவர் மோதும் அபூர்வமான காட்சி. சில நொடிகள்தான். தூரத்திலிருந்து ஹான் சோலோ சுட்டு அதை முடித்துவைக்கிறார். பார்வையாளர்கள் சிரித்தார்கள். விடுதலை பெற்றவனை முதலில் துரோகி என்பவன் அவன் பக்கத்தில் நின்றவன்தான் என்பதை நம் சங்கங்களில் இருந்தவர்கள் அறிவார்கள். அந்த இடத்தில் அந்தப் படம் தன்னை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டு, பயந்துபோய் ஓடிவிடுகிறது.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: சாகவில்லை, அடுத்த இரண்டு படத்திலும் இருக்கிறான். "வாள் திரும்பக் கெடைச்சுதா?" என்றார். இல்லை, 2017 படத்தில் தன்னை வேலை வாங்கிய கேப்டனோடு சண்டை போடுகிறான், ஜெயிக்கிறான், ஆனால் மின்தடியை வைத்துத்தான் என்றேன். "அன்னைக்கு அந்தச் சிப்பாய் வெச்சிருந்தானே, அதுவா?" என்று கேட்டார். அதேதான்.