அழிந்த எழுத்துகளும் அடுப்பங்கரையும்

கதையைக் கேட்பவன் ஒருவன். கதைக்குள் நடப்பவன் வேறொருவன். நாவலும் திரைப்படமும் முன்னவனுக்கு உரியவை. பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளோ பின்னவனை நாடுகின்றன. அங்கே ஓர் உலகத்தின் வரலாற்றை எவரும் வரிசையாக எடுத்துரைப்பதில்லை. 2002-இல் வெளிவந்த ‘மாரோவிண்ட்’ விளையாட்டில் அவ்வுலகத்து நூல்களையே எடுத்து வாசிக்கலாம். அவை ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. 2011-இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ இன்னும் சிக்கனமானது. கண்டெடுத்த வாளுக்கும் மோதிரத்துக்கும் உரிய இரண்டு மூன்று வரிக் குறிப்புகளே அதன் புராணம். அதனை உருவாக்கிய ஜப்பானியர் மியாசாக்கி, சிறுவயதில் அயல்மொழி நூல்களை அரைகுறையாக வாசித்து, விளங்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகக் கூறியுள்ளார். அந்த இடைவெளியே அவரது கலையாயிற்று.

இம்முறை நமக்குப் புதிதன்று. கம்பம் பள்ளத்தாக்கிற்கு முதன்முறை வரும் ஒருவர், தேநீர்க் கடைச் சுவரில் ஓர் ஆங்கிலேயரின் படத்தைக் காண்கிறார். ஜனவரி 15-இல் அவருக்காகப் பொங்கல் பொங்குவதைக் கேள்விப்படுகிறார். லோயர் கேம்பில் 2013-இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தைப் பார்க்கிறார். வாய்க்கால் நீரையும் இருபோக வயலையும் கண்ட பின்னரே, 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும் பென்னிகுவிக் என்னும் பெயரும் அவர் மனத்தில் ஒன்றாய்ப் பொருந்துகின்றன. தானே சேர்த்துக்கொண்ட கதையை மனிதன் எளிதில் மறப்பதில்லை.

இவ்வுத்தியைத் தமிழ்வாழ்வில் பொருத்திய படைப்பு ‘வெண்பா’. டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் குழுவினர் 2023-இல் வெளியிட்ட இவ்விளையாட்டு, மறு ஆண்டு பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பிடம் சிறந்த முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது. வாளேந்தி அலையும் வகையைச் சேர்ந்ததன்று இது. எனினும் பாத்திரமேற்றலே இதன் உயிர். 1980-களின் இறுதியில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் இணையரும், அவர்தம் மகன் கவினுமே பாத்திரங்கள். வெண்பாவிடம் தாய் தந்த சமையற் குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் பல வரிகள் அழிந்துவிட்டன, தாள்கள் கிழிந்துள்ளன. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்குவது, புட்டுக்குழலில் எதை முதலில் இடுவது என்பதை ஆடுபவரே சிந்தித்துக் கண்டறிய வேண்டும். ‘டார்க் சோல்ஸ்’ வாளின் குறிப்பில் வைத்த மௌனத்தை இது அடுப்பங்கரையில் வைக்கிறது.

பின்னர் அதே ஏடு வளர்ந்த கவினின் கைக்கு வருகிறது. அவனுக்குத் தமிழ் எழுத்தே தடுமாற்றம். தாய்க்கு மை அழிந்திருந்தது. மகனுக்கோ மொழியே அழிந்திருக்கிறது. புலம்பெயர்வைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றுமின்றி, அவ்விழப்பை நம் விரல்களே உணர்கின்றன. இவ்விடத்தில் இப்படைப்பு உயர்ந்த இலக்கியத்திற்கு அண்மையில் நிற்கிறது.

குறையும் உண்டு. உரையாடலில் நாம் தெரிவுசெய்யும் சொற்கள் கதையின் போக்கைப் பெரிதும் மாற்றுவதில்லை. சமையலில் தவறினால் மீண்டும் தொடங்கலாம். மெய்வாழ்வில் மகனிடம் சொல்லத் தவறிய சொல்லுக்கு அத்தகைய மறுவாய்ப்பு இல்லை. ஏட்டை நிரப்பும் பொறுப்பை நமக்கு அளித்த ஆசிரியர்கள், உறவை நிரப்பும் பொறுப்பைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சுருக்கத்தால் கவினின் இளமையும் விரைந்து கடந்துவிடுகிறது.

ஆயினும் இது எழுப்பும் வினா நம் ஊர்களுக்கும் உரியது. பிழைப்புக்காகப் பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிய வீடுகள் இப்பள்ளத்தாக்கிலும் உண்டு. பாட்டிமாரின் அளவுகள் ‘ஒரு கைப்பிடி’, ‘ஒரு சிட்டிகை’ என்பனவே. அவை எந்த ஏட்டிலும் இல்லை. அழிந்த வரியை ஊகித்து நிரப்ப, அருகே சில வரிகளாவது எஞ்சியிருக்க வேண்டும். எழுதப்படாத ஏட்டை எந்த விளையாட்டும் மீட்டுத் தராது. கைப்பேசியும் கையுமாய் இருக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவனை அடுப்பருகே அழைத்து அந்தக் கைப்பிடியின் அளவைக் காட்டிவிடுதல் நலம்.