கணக்கில் வராத சொத்து

ஒரு சின்னப் பரீட்சை. நாற்பது வயசு தாண்டியவர்களுக்கு மட்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இருட்டான திரை. ஷெனாய் சத்தம் இழுவையாகக் கேட்கிறது. எங்கிருந்தோ வளைவுகள் சுழன்று சுழன்று வருகின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் ஒரு கண்ணாக நிற்கின்றன.

பதில் சொல்லவே வேண்டாம். தூர்தர்ஷன்.

இப்போது இரண்டாவது கேள்வி. நேற்று ராத்திரி நீங்கள் பார்த்த சேனலில், ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் முன்னால் என்ன காட்டினார்கள்? என்ன இசை போட்டார்கள்?

தெரியாதுதானே? உங்கள் மேல் தப்பில்லை. ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி அங்கே எதுவும் இருந்திருக்காது.

நிகழ்ச்சிகளுக்கு நடுவே சேனல் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்கிற பத்து விநாடித் துண்டு ஒன்று உண்டு. தொலைக்காட்சிக்காரர்கள் பாஷையில் அதற்கு ஐடென்ட் என்று பெயர். அதில் யாரும் நடிப்பதில்லை. எதையும் விற்பதில்லை. ஆனால் ஒரு சேனல் என்ன மாதிரி ஆசாமி என்பதை அதுதான் சொல்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கண். அதை வரைந்தவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா. அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில் மாணவராக இருந்தபோது போட்ட படம். நடுவில் ஒரு வட்டம், சுற்றி இரண்டு வளைவுகள். சீனர்களின் யின்-யாங் சின்னத்தின் சாயல் உண்டு. பல படங்களிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்தவர் இந்திரா காந்தி என்கிறார்கள். அதற்கு அசைவு கொடுத்தவர் ஆர்.எல். மிஸ்திரி. கம்ப்யூட்டர் அனிமேஷனெல்லாம் அன்றைக்கு ஏது? படத்தின் நகல்களைக் கேமராவுக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தார்கள். இசை பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும். 1976 ஏப்ரல் 1-ம் தேதி, தூர்தர்ஷன் ஆல் இந்தியா ரேடியோவிடமிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போன நாளில், இந்தக் கண் முதல் முறையாகத் திறந்தது. சென்னை நிலையம் ஆரம்பித்து அப்போது எட்டு மாதம்கூட முடியவில்லை.

இதில் என்ன பெரிய சூட்சுமம் என்று கேட்பீர்கள். மூன்று இருக்கிறது.

ஒன்று, அது கறுப்பு வெள்ளையிலேயே நின்றது. இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தது 1982-ல். ஆறு வருஷம் கலரின் தயவில்லாமல் வெறும் வடிவத்தை வைத்தே காலம் தள்ளியிருக்கிறது. இரண்டு, அது வெறுமனே வந்து நிற்கவில்லை. சிதறிக் கிடந்தது கூடி உருவமாகிறது. அதாவது அதற்குள் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. மூன்று, காது. அடுப்படியில் தாளித்துக்கொண்டிருப்பவருக்கும் டி.வி. ஆரம்பித்துவிட்டது என்று தெரியும். திரையைப் பார்க்காதவருக்கும் அடையாளம் காட்டுவதுதான் முழு அடையாளம்.

‘அட போங்க சார், அன்றைக்கு இருந்ததே ஒரு சேனல். வேறு வழியில்லாமல் மனப்பாடமாகிவிட்டது’ என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான வாதம். அதனால் போட்டி இருந்த ஊருக்கே போவோம்.

லண்டன், 1991. பிபிசியின் இரண்டாவது சேனல். அதன் அடையாளம் அப்போது வெள்ளைப் பின்னணியில் ‘டூ’ என்ற ஆங்கிலச் சொல். அடக்கமாக, அழகாக, உயிரில்லாமல் இருந்தது. ஜனங்களிடம் கேட்டால், ‘அந்த சேனலா? போரடிக்கும். மேட்டுக்குடிக்காரர்கள் பார்ப்பது’ என்றார்கள். மார்ட்டின் லாம்பி-நேர்ன் என்ற வடிவமைப்பாளரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் சொல்லைத் தூக்கிவிட்டு, 2 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரே உருவம். ஒரே நீலப்பச்சை நிறம். அப்புறம் அந்த 2-க்கு விதவிதமாக ஏதாவது நடக்கும். உலோகத்தகடாக மேலிருந்து விழுந்து தரையில் குத்தி நிற்கும். அதன்மேல் பெயின்ட் வந்து மோதும். பட்டுத்துணிக்குள்ளிருந்து அலை மாதிரி எழும்பும். பெரும்பாலும் கம்ப்யூட்டர் வித்தை இல்லை. நிஜமாகவே 2 செய்து, நிஜப் பெயின்ட்டை வீசிப் படம் பிடித்தார்கள்.

1991 பிப்ரவரி 16-ல் ஒளிபரப்பாக ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் பிபிசி மறுபடி ஜனங்களைக் கேட்டது. இப்போது, ‘நாகரிகமான சேனல், நகைச்சுவை உள்ள சேனல்’ என்றார்களாம். வேடிக்கை என்னவென்றால் நிகழ்ச்சிகள் மாறவே இல்லை. சோறு அதேதான். இலையைத்தான் மாற்றினார்கள். சாப்பிட்டவர்கள் சமையல்காரரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த லாம்பி-நேர்ன் லேசுப்பட்ட ஆளில்லை. 1982 நவம்பரில் சேனல் 4 ஆரம்பித்தபோது, ஒன்பது வண்ணத் துண்டுகள் பறந்து வந்து 4 ஆகச் சேருமே, அதுவும் அவர் கைங்கர்யம். அதை உருவாக்கும் வசதி அன்றைக்கு பிரிட்டனில் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1981 ஆகஸ்டில், நியூயார்க்கில் எம்.டி.வி. ஆரம்பித்தவர்களும் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். தடித்த ஒரு ‘எம்’. அதன்மேல் ஸ்பிரே பெயின்ட்டில் கிறுக்கிய ‘டி.வி.’ உருவம் மாறாது. நிறமும் உள்ளே நிரப்புகிற பொருளும் எப்படி வேண்டுமானாலும் மாறலாம். லோகோவின் நிறத்தை இம்மி மாற்றினாலும் கம்பெனிகள் சண்டைக்கு வந்த காலத்தில் இது பெரிய துணிச்சல்.

மூன்று பேரும் கண்டுபிடித்தது ஒரே விஷயம்தான். ஒன்றை இறுக்கிப் பிடி. மற்றதை ஓடவிடு. எல்லாமே மாறினால் ஞாபகத்தில் நிற்காது. எதுவுமே மாறாவிட்டால் அலுத்துப்போகும். நம் வீட்டுக் கோலம் மாதிரி. புள்ளிக் கணக்கு அதேதான். இழை தினம் ஒரு தினுசு.

இனிமேல்தான் என் புகார். பி.காம். படித்தவன் என்பதால் அக்கவுன்ட்ஸ் பாஷையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘குட்வில்’ என்று ஒரு சொத்து உண்டு. ஒரு கடையின் பேருக்கு ஜனங்களிடம் இருக்கும் மதிப்பு. கடையை இன்னொருவர் விலைக்கு வாங்கினால், பேருக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். ஆனால் நீங்களே முப்பது வருஷம் வியர்வை சிந்திச் சம்பாதித்த குட்வில்லை அதில் எழுத முடியாது. அதற்கு மதிப்பு பூஜ்யம். சேனலின் அடையாளமும் அப்படித்தான். கோடிக்கணக்கான மண்டைக்குள் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் இல்லை.

அதனால் என்ன ஆகிறது? புதிதாக ஒரு அதிகாரி வருகிறார். தான் வந்திருப்பது ஊருக்குத் தெரிய வேண்டாமா? லோகோவை மாற்று என்கிறார். மர மேஜையைத் தூக்கி எறிந்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார். முப்பது வருஷ ஞாபகத்தைத் தூக்கி எறிந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பிபிசிக்கே இது நடந்தது. அந்த 2-ஐ 2001-ல் தூக்கிவிட்டு மஞ்சள் பின்னணியில் வேறு ஒரு 2 கொண்டுவந்தார்கள். அப்புறம் வேறு, அதற்கப்புறமும் வேறு. 2014-ல் சேனலுக்கு ஐம்பது வயசு. கொண்டாட்டத்துக்காகப் பழைய 1991 துண்டுகள் சிலவற்றைத் தூசு தட்டி எடுத்துப் போட்டார்கள். போட்டவர்களுக்கு எடுக்க மனசு வரவில்லை. 2018 வரை ஓடியது. சேனல் 4-ம் 1996-ல் அந்த வண்ணத் துண்டுகளை விட்டது. 2015-ல் அதே ஒன்பது துண்டுகளைத் தேடிப் பிடித்து வந்தது. எறிந்ததைத் திரும்பப் பொறுக்குவதற்கும் வடிவமைப்பாளருக்குக் கட்டணம் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

நம் தூர்தர்ஷனும் சபலப்படாமல் இல்லை. 2017-ல் புது லோகோ கேட்டுப் போட்டியே வைத்தார்கள். பரிசு ஒரு லட்ச ரூபாய். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவிந்தன. கண் மட்டும் நகரவில்லை. அடுத்த சோதனை 2024 ஏப்ரலில். தேர்தல் நேரம். டி.டி. நியூஸ் தன் சிவப்பு லோகோவை ஆரஞ்சாக்கியது. கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கத்தான் என்றது பிரசார் பாரதி. காவி பூசுகிறீர்கள் என்றார்கள் மு.க. ஸ்டாலின், மம்தா பானர்ஜி உள்ளிட்டவர்கள். நாடு முழுக்கச் சண்டை.

நான் வடிவமைப்பை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். நிறம் உருவத்துக்கு முந்திப் பேசிவிடும். பொதுமக்கள் காசில் நடக்கும் சேனல், ஓட்டுப்போடும் வாரத்தில் நிறத்தைத் தொடுவது தப்பான தீர்மானம். உள்நோக்கம் இருந்தாலும் தப்பு. இல்லாவிட்டாலும் தப்பு. ஆனால் இன்னொன்றையும் கவனித்தேன். தனியார் சேனல்கள் சட்டை மாற்றுவது மாதிரி லோகோ மாற்றுகின்றன. யாராவது சண்டை போட்டோமா? அரை நூற்றாண்டுக் கண்ணில் நிறம் மாறியதும் தேசமே திரும்பிப் பார்த்தது. கணக்கில் வராத அந்தச் சொத்துக்கு அன்றைக்குத்தான் விலை மதிப்பு போட்டார்கள்.

இப்போது நம் தமிழ் சேனல்களுக்கு வாருங்கள். குறிப்பாகச் செய்தி சேனல்கள். மூலையில் லோகோ. பக்கத்தில் மணி. கீழே ஓடுகிறது ஒரு வரி. அதற்குக் கீழே எதிர்த்திசையில் முறைத்துக்கொண்டு இன்னொரு வரி. நடுவில் சிவப்புப் பட்டையில் பிரேக்கிங் நியூஸ். மேலே நாலு ஜன்னலில் நாலு பேர் கத்துகிறார்கள். மிச்சமிருந்த இடத்தில் ஒரு நகைக்கடை. அரசியல் மாநாட்டு ஃப்ளெக்ஸ் மாதிரி எல்லோர் முகமும் இருக்கிறது, சேனலின் முகத்தைத் தவிர.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டைவிரலால் மூலை லோகோவை மறைத்துவிட்டு எந்த சேனல் என்று சொல்லுங்கள் பார்ப்போம். அல்லது முதுகைத் திருப்பிக்கொண்டு, இசையை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். தொகுப்பாளரின் குரலை வைத்துக் கண்டுபிடித்தால் மார்க் கிடையாது. அவர் அடுத்த மாதம் எதிர் சேனலில் இருப்பார்.

போன் வந்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. சேனலை இன்று யூடியூபில் பார்க்கிறோம். லோகோ அங்கே மிளகு சைஸ் வட்டம். பளபளப்பு, நிழல், தங்க விளிம்பு, சுழலும் பூமி உருண்டை எதுவும் அதில் தெரியாது. ஒரு வட்டத்தையும் இரண்டு வளைவையும் போட்டுப் பாருங்கள், தெரியும். காகிதத்தை நகலெடுத்துக் கேமராவுக்கடியில் சுற்றிய காலத்துச் சரக்கு, கையடக்கத் திரையிலும் தாக்குப்பிடிக்கிறது.

ஒரு மனுஷர் நம் வீட்டுக்குள் வந்தால் வாசலில் நின்று, ‘நான் இன்னார்’ என்று சொல்லிவிட்டு வருவார். அது மரியாதை. தினம் ஆறு மணி நேரம் நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சேனலிடம் பத்து விநாடி மரியாதையை எதிர்பார்ப்பது அதிகமில்லை. அந்தப் பத்து விநாடியையும் விளம்பரத்துக்கு விற்றுவிட்டு, ஏன் யாருக்கும் நம்மை ஞாபகமில்லை என்று ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறார்கள்.

அடுத்த முறை ஏதாவது சேனல் ‘புதுப்பொலிவுடன்’ என்று போஸ்டர் ஒட்டினால், பழையதில் என்ன குறை என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வராது. பழையது எப்படி இருந்தது என்பது அவர்களுக்கும் மறந்துபோயிருக்கும்.