தேயிலைத் தோட்டத் தமிழ்: ‘பேர்’ முதலிய சில சொற்கள்

தேயிலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்ட சிறுகதைகளையும் நாவல்களையும் பதிப்பிப்போர், நூலிறுதியில் அருஞ்சொற்பொருள் சேர்ப்பதுண்டு. ‘பிரட்டு’ என்பதற்கு ஆட்கணக்கெடுப்பு என்றும், ‘லயம்’ என்பதற்குத் தொழிலாளர் குடியிருப்பு என்றும், ‘பேர்’ என்பதற்கு நாட்கூலி என்றும் இத்தகைய பட்டியல்கள் பொருள் கூறும். இவை பிழையல்ல. ஆயினும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என எதிரெதிரே எழுதிய அளவில் பொருள் முடிந்துவிட்டதாகக் கருதுவதும், இச்சொற்களையெல்லாம் ‘கொச்சை’ என ஒரு கூடையில் இடுவதும் பொருந்துமா என்பதையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இவ்வாராய்ச்சிக்கு நீலகிரி ஏற்ற களமாகும். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்திய அரசு இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968இல் தமிழக அரசு வனத்துறையின் வழி அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் குடியேறிய இம்மக்கள், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இலங்கை மலைகளில் விளைந்த சொற்களையும் உடன் கொணர்ந்தனர். இங்கிருந்த பழந்தோட்டங்களில் ‘மேஸ்திரி’ வழங்கிய இடத்தில் ‘கங்காணி’ வந்து சேர்ந்தான். மேஸ்திரி போர்த்துக்கேசியம் தந்த சொல். கங்காணியோ ‘கண்காணி’ என்பதன் மரூஉ. கண்காணி சோழர் கல்வெட்டுகளில் மேற்பார்ப்பவனைக் குறித்து வரும் சொல்லாகும். கொச்சையெனப்படுவது கல்வெட்டுத் தமிழாக இருப்பதை முதற்கண் நோக்குக.

இச்சொற்களை நன்னூலார் கூறும் குழூஉக்குறியுள் அடக்குவாரும் உளர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். அவை ஒரு குழுவினர் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்குவன. தோட்டத்துச் சொல்லோ தொழிலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் பொதுவாக நின்றது, மறைப்பதற்கென எழுந்ததன்று. திசைச்சொல் எனலும் முழுதும் ஒவ்வாது. இவற்றைப் பிறப்பித்தது ஒரு நிலமன்று, ஒரு தொழில் ஏற்பாடு.

‘பேர்’ என்பதனை எடுத்துக்கொள்வோம். பெயர் என்பது பேர் என மருவியதும், ‘நாலு பேர்’ என மக்களை எண்ணுதற்கு வருவதும் யாவரும் அறிந்தவை. தோட்டத்தில் இச்சொல் மேலும் ஓரடி நடந்தது. ஒருவர் வேலைக்கு வந்தால் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குறி இடுவர். இதுவே ‘பேர் போடுதல்’. அக்குறியே அன்றைய கூலிக்குச் சான்றாதலின், பேர் என்பது ஒரு நாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. ஒரே பெண்ணை நோக்கி, “இம்மாதம் உனக்கு எத்தனை பேர்?” என ஒருவர் வினவுவதும், அவள் “இருபத்திரண்டு” என்பதும் புறத்தார்க்கு விந்தையாகத் தோன்றும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்த நாளில், காலை முதல் மாலை வரை மலையில் நின்றவளுக்கும் கிடைப்பது ‘அரைப்பேர்’. நின்றவள் முழு ஆள். ஏட்டில் அவள் பெயர் பாதி. ‘அரைநாட் கூலி’ என்று பொருளெழுதினால் அவள் அரைநாள்தான் உழைத்தாள் என்றே படிப்பவர் கொள்வர். பொருளெழுதியவர் அறியாமலே கணக்கப்பிள்ளையின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்!

‘லயம்’ ஆங்கில லைன் என்பதன் திரிபு. லைன் என்பது ‘லயன்’ ஆகிப் பின் ‘லயம்’ ஆயிற்று. அகம், அகன் என்றும் நிலம், நிலன் என்றும் அஃறிணைப் பெயரீற்றில் மகரமும் னகரமும் ஒன்றனிடத்து ஒன்று வருதலை இலக்கணம் போலி எனக் கொள்ளும். எழுத்தறியாத் தொழிலாளி வேற்றுமொழிச் சொல்லையும் அந்நெறியிலேயே நிறுத்தினான். மொழிமுதலில் லகரம் வருதல் குற்றமன்றோ எனின், அக்குற்றம் நம்மனோர் எழுத்திலும் நிரம்ப உண்டு.

‘பிரட்டு’ என்பது பரேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். ஆயின் ரோடு, போர்டு, கார்டு என வருவனவற்றில் இறுதி டகரம் ஒற்று இரட்டுவதில்லை. பிரட்டில் மட்டும் நெடில் குறுகி ஒற்று இரட்டியது எவ்வாறு? புரட்டு என்பதன் பேச்சு வடிவாகிய ‘பிரட்டு’ என்னும் தமிழ்வினை இதனைத் தன்பால் ஈர்த்தது என்பது எம் கருத்து. விடியுமுன் ஆட்களை எழுப்பித் திரட்டி, மலை மலையாகப் பிரித்தனுப்பும் செயலுக்கு அவ்வினை இயைபுடையதே.

பரேட், லைன் ஆகிய இரண்டும் படைவீட்டுச் சொற்கள் என்பதும் கருதத்தக்கது. மூன்றாவதாகக் ‘கவாத்து’ உண்டு. படைப்பயிற்சியைக் குறிக்கும் கவாத்து உருது வழி வந்தது. செடியை வெட்டி மட்டஞ்செய்யும் கவாத்தும் அச்சொல்லே எனக் கொள்ள இடமுண்டு. வரிசையும் மட்டமும் இரண்டிற்கும் பொது. இக்கவாத்தினை இன்று எவரும் கொச்சை என்பதில்லை. மாவிற்கும் கொய்யாவிற்கும் கவாத்துச் செய்க என வேளாண்மை வெளியீடுகள் எழுதுகின்றன. பேர் மட்டும் ஏன் கீழே நின்றது? கவாத்து அலுவலரின் அச்சுத்தாளில் ஏறிற்று. பேர் தொழிலாளியின் வாயிலும் தோட்டத்துப் பதிவேட்டிலும் தங்கிவிட்டது. சொல்லின் பிறப்பு இவ்வேறுபாட்டிற்குக் காரணமன்று.

‘துண்டு’ என்பதற்குச் ‘சீட்டு’ எனப் பொருள் எழுதுவது இவை எல்லாவற்றினும் குறையுடையது. இன்ன தொகையைக் கொடுத்தால் இக்கங்காணியையும் இவன் ஆட்களையும் விடுவிப்போம் என ஒரு தோட்டத்தார் எழுதித் தந்த தாளே துண்டு. அத்தொகை ஆட்களின் கடன். புதிய தோட்டத்தார் அதனைச் செலுத்தி ஆட்களைப் பெறுவர். கடன் தீராது, கைம்மாறும். இலங்கையில் 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. இத்துணையும் கூறாது சீட்டு என ஒரு சொல்லில் முடித்தால், “துண்டு வாங்கிப் போனோம்” என ஒரு கதைமாந்தர் கூறுமிடத்தில், கடனோடு கைம்மாறிய செய்தியைப் படிப்பவர் பயணச்சீட்டு என்றன்றோ கொள்வார்?

இச்சொற்களை ‘இலங்கை வழக்கு’ என்று மட்டும் குறித்தலும் போதாது. சேரம்பாடியில் வழங்கும் ஒன்றை இலங்கைக்கு உரியதெனக் குறித்தால், அதைப் பேசுவோர் இங்கும் அயலாரே ஆவர்; ‘சிலோன்காரர்’ என அவரை அழைக்கும் ஊர்வழக்கினை அகராதியும் வழிமொழிந்ததாகும். தோட்ட வழக்கு எனத் தனிக் குறியீடு இட்டு, வழங்கும் மலைகளை உடன் சுட்டுவதே தக்கது. முதுகலை மாணவர் இவற்றைத் திரட்டப் புகுங்கால் சொல்லை மட்டும் வினவாது, அச்சொல் எந்த ஏட்டில் எழுதப்பட்டது, எழுதியவர் யார், அதனால் கூலி கூடியதா குறைந்ததா என்பனவற்றையும் உடன் வினவி எழுதுக. முதியோர் பலர் இன்னும் நினைவுடன் உள்ளனர். கொழுந்தின் நிறையைக் கிலோவில் அன்றி ‘றாத்தல்’ கணக்கில் கூறுவோரிடம் தொடங்கலாம்.