ஏட்டுச் சுரைக்காய்

1992-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளர் பூத்ரோஸ் காலி, அமைதிக்கு வழிகாட்டும் அறிக்கையொன்றை உலகின் முன் வைத்தார். மூண்ட போரை அணைப்பதினும், மூளாமல் தடுப்பதே மேல். அதற்கு முன்னெச்சரிக்கை வேண்டும். ஆயத்தமாய்ப் படை வேண்டும் என்றது அவ்வறிக்கை. அரிய கருத்து; மறுப்பாரில்லை. ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிற்றா? அதையே கேட்கிறோம் நாம்.

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவைக் காணுங்கள். 1994 ஜனவரி 11-இல், அங்கிருந்த ஐ.நா. படைத்தலைவர் தல்லேர், நியூயார்க்குக்குச் செய்தி விடுத்தார்: ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன, துட்சி மக்களின் பெயர்கள் பட்டியலாகின்றன, கொன்று குவிக்கவே இந்த ஏற்பாடு! ஆயுதங்களைக் கைப்பற்ற முனைந்தார் அவர், கூடாதென்றது தலைமையகம். ஏப்ரலில் ஓடியது குருதி. பெல்ஜிய ஆட்சி புகுத்திய அடையாள அட்டையில் இருந்த இனப்பெயரே பலருக்குச் சாவோலை ஆயிற்று. பாதுகாப்பு அவை செய்ததென்ன? ஏப்ரல் 21-இல், இருந்த படையையும் 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது! 100 நாட்களில் மாண்டோர் ஏறத்தாழ 8 லட்சம்.

மே மாதம் மனம் மாறிப் படையைப் பெருக்க முடிவெடுத்தது அவை. ஆயத்தப் படை தருவதாக அன்று ஒப்பியிருந்த அரசுகள் 19. முன்வந்தது எத்தனை? ஒன்றுமில்லை! 1995-இல் தம் அறிக்கைக்கு எழுதிய பிற்சேர்க்கையில் காலியே இதனைக் குறித்தார்.

எச்சரிக்கை வந்தது; இரக்கம் வரவில்லை. வாக்கு இருந்தது, வாக்குத் தவறியோரைக் கேட்க ஆளில்லை. கடமையைக் கூறிய ஏடு, கடமை மறந்தோரைக் கூண்டிலேற்றும் வழியைக் கூறவில்லை. அதுவே அதன் குறை.

அமைதி மாநாடுகள் இன்றும் கூடுகின்றன. முழக்கங்களுக்குக் கைதட்டுமுன், இளைஞர்களே, ஒன்று கேளுங்கள்: அபாய மணி ஒலிக்கும்போது வரப்போவது யார்? வராவிடில் பதில் சொல்வது யார்?